மறு: 'போர்க்கால'வா 'மோதல்சார்'ஆ, அதோட இந்தத் 'தடுப்பு'

எல்லாருக்கும் வணக்கம்,

எங்கட கையேட்டில, போரோட தொடர்புள்ள பாலியல் வன்முறைக்கு என்ன தமிழ்ச்சொல் போடுறது எண்டு ரெண்டு நாளா ஓடுற கதையை இண்டைக்குத்தான் முழுசா வாசிச்சன். கொழும்பு அண்ணை 'மோதல்சார் பாலியல் வன்முறை' எண்டு வைப்பம் எண்டுறார், சென்னைத் தோழர் 'போர்க்காலப் பாலியல் வன்முறை' போதும், சனத்துக்கு உடன விளங்கும் எண்டுறார். எனக்கு ரெண்டுமே சரிவரேல்லை.

மோதல் எண்டா இஞ்ச திருகோணமலையில பஸ்ஸும் லொறியும் முட்டினாலும் மோதல்தான், ரெண்டு கோஷ்டி கைகலந்தாலும் மோதல்தான், ரெண்டு பக்கத்திலயும் ஏதோ ஒரு பலம் இருக்கிற இடத்திலதான் அந்தச் சொல் நிக்கும். ஒராள் துவக்கோட நிக்கிறார், மற்றாள் கை கட்டினபடி நிலத்தில கிடக்கிறார், அங்க என்ன மோதல் நடக்குது? 'போர்க்கால'த்தில பிழை வேற. அது திகதி போட்டுப் பூட்டுற சொல், இலங்கைப் போர் முடிஞ்ச 2009 மேயோட கதை முடிஞ்சுது எண்டு ஆகிடும். ஐநா பாவிக்கிற வரையறை காலத்தை மட்டும் பார்க்கிறதில்லை, இடத்தாலயோ காரணத்தாலயோ, நேராவோ சுத்தி வளைச்சோ ஆயுதப் போரோட தொடர்பிருந்தாலே இதுக்குள்ள வரும். 2015 செப்டம்பரில வந்த ஐநா மனித உரிமை அலுவலகத்தின்ர இலங்கை விசாரணை அறிக்கையை எடுத்துப் பாருங்கோ, போர் முடிஞ்ச பிறகு பிடிச்சு வைச்ச ஆக்களுக்கு நடந்ததும் அதில கிடக்கு. 'போர்க்கால' எண்டு வைச்சா அவையள் எல்லாம் சொல்லுக்கு வெளியில நிப்பினம். அதால 'போர்சார் பாலியல் வன்முறை' எண்டு வைப்பம், போர் எப்ப முடிஞ்சாலும் 'சார்' எண்டது போய்ச் சேரும்.

அதே அறிக்கை இன்னொண்டும் சொல்லுது, தடுத்து வைக்கப்பட்ட ஆம்பிளையளும் பொம்பிளையளுக்குச் சமனாவே பாதிக்கப்பட்டிருக்கினம் எண்டு. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, ஒரு பெடியனுக்கு நடந்ததை 'கற்பழிப்பு' எண்டு எப்பிடி எழுதுறது? எழுத ஏலாது, அப்ப அது எழுதப்படாமலே போகும். எங்கட தண்டனைச் சட்டக்கோவையின்ர 363ஆம் பிரிவும் பொம்பிளைக்கு நடக்கிறதை மட்டும்தான் வன்புணர்வெண்டு எடுக்குது, பெடியனுக்கு 365ஆ எண்ட வேற பிரிவுக்குத்தான் போகோணும். சட்டம் பிரிச்சு வைச்சிருக்கிறதைச் சொல்லும் பிரிக்கத் தேவையில்லை.

நானும் ஒரு காலத்தில அந்தச் சொல்லை எழுதினவள்தான். ஒரு அம்மாவின்ர வாக்குமூலம், அவ சொன்னது "என்னை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள், விடியத்தான் விட்டவங்கள்" எண்டு அவ்வளவுதான். நான் அதுக்குக் கீழ 'கற்பழிக்கப்பட்டேன்' எண்டு எழுதி வாசிச்சுக் காட்டினன். அவ சேலைத்தலைப்பை விரலில சுத்திக்கொண்டே இருந்தவ, நிப்பாட்டிப்போட்டு "அதை வெட்டு பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லேல்லை" எண்டவ. பேனையால ஒருக்கா வெட்டினன், போதாதெண்டு இன்னும் ரெண்டு தரம் வெட்டச் சொன்னவ, எழுத்துத் தெரியாமல் போகுமட்டும். அண்டையில இருந்து அந்தச் சொல் என்ர கையால வாறேல்லை.

இது தமிழின்ர குறை மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. போரில பொதுமக்களைக் காக்கிறதுக்கு எழுதின 1949 நாலாவது ஜெனீவா உடன்படிக்கையின்ர 27ஆம் உறுப்புரையே பெண்களின்ர 'மானத்துக்கு' எதிரான தாக்குதல் எண்டுதான் இதைச் சொல்லுது. அதை உடைச்சது தன்சானியாவின்ர அருஷாவில, ருவண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐநா வைச்ச நீதிமன்றம் 1998 செப்டம்பர் 2, அங்க ஒரு ஊருக்கு மேயரா இருந்த அகாயேசுவின்ர வழக்கில குடுத்த தீர்ப்பு. முதல் குற்றப்பத்திரிகையில பாலியல் வன்முறை எண்ட குற்றச்சாட்டே இருக்கேல்லை, ஒரு தாய் சாட்சி சொல்லேக்க தன்ர ஆறு வயசு மகளுக்கு நடந்ததைச் சொன்னாப் பிறகுதான் கதை திரும்பினது, 1997இல குற்றப்பத்திரிகையைத் திருத்தினவை. அந்த மூண்டு நீதிபதிகளில இருந்த ஒரே பெண் நவநீதம் பிள்ளை, டேர்பனில பிறந்த தமிழ் வழி வந்தவ, 2013 ஓகஸ்ட்டில ஐநா மனித உரிமை ஆணையாளரா எங்கட ஊருக்கும் வந்து போனவ. அந்தத் தீர்ப்பில வன்புணர்வுக்குக் குடுத்த வரையறையை நான் இப்பிடித் தமிழாக்கி வைச்சிருக்கிறன்: 'வற்புறுத்தும் சூழ்நிலையில் ஒருவர்மேல் செய்யப்படும் பாலியல் தன்மையுள்ள உடல் அத்துமீறல்'. 'ஒருவர்' எண்டதைக் கவனியுங்கோ. மானமும் இல்லை, கற்பும் இல்லை, அடிச்ச காயம் இருக்கோணும் எண்டும் இல்லை. குற்றத்தின்ர பேருக்கு 'வன்புணர்வு' எண்டே போடுவம், 'வல்லுறவு' பேப்பரில பழகின சொல் எண்டது உண்மை, ஆனா அதுக்குள்ள 'உறவு' ஒண்டு கிடக்குது, எனக்கு அது தாங்கேல்லை.

வழக்குத் தொடுத்தல், வழக்குத் தொடுநர் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும், அதில சண்டை இல்லை. சிக்கல் 'தடுப்பு'. கையேட்டின்ர தலைப்பில, நடக்காமல் பார்க்கிறது எண்ட கருத்தில 'பாலியல் வன்முறைத் தடுப்பு' எண்டு போட்டிருக்கிறியள். தோழர், உங்கட பக்கம் தடுப்பு எண்டா தடுப்பூசி ஞாபகம் வரும். இஞ்ச தடுப்பு எண்டா ஆளைப் பிடிச்சு வைக்கிற இடம். 'தடுப்பில இருந்து வந்தவன்' எண்டுதான் சனம் கதைக்கும். டவுனில ஒரு கூட்டத்துக்கு இதே சொல்லோட பனர் கட்டியிருந்தினம், மகனைத் தேடுற ஒரு அம்மா வாசலில நிண்டு அதை எழுத்துக் கூட்டி வாசிச்சுப்போட்டு என்னட்டைக் கேட்டவ, "எந்தத் தடுப்பு பிள்ளை, இன்னும் ஆக்கள் இருக்கினமோ?" எண்டு. இல்லையம்மா இது வேற எண்டு சொல்லேக்க அவவின்ர முகத்தை நான் பார்த்தனான். அந்த பனரைத் திரும்பக் கட்ட விடமாட்டன்.

'வருமுன்காப்பு' எண்டு போடுவம். குறளிலயே வருமுன்னர்க் காக்கிற கதை இருக்கு, பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். பிடிச்ச உடன குடும்பத்துக்கு எழுத்தில அறிவிக்கிறது, சட்டத்தரணியை விடுறது, டொக்டர் பார்க்கிறது, பெண்களைப் பெண் அலுவலர் மட்டும் சோதிக்கிறது, எல்லாம் அதுக்குள்ள அடங்கும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உண்டாக்கின ரோம் சாசனத்தின்ர 28ஆம் உறுப்புரை சொல்லுற 'கட்டளைப் பொறுப்பு'ம் இதோட ஒட்டும், கீழ உள்ளவன் செய்யப்போறான் எண்டு தெரிஞ்சும் நிப்பாட்டாத அதிகாரியும் குற்றவாளி எண்டதுதானே அது.

ஒண்டு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடேல்லை, பாதிப்போட வாழுறவையை என்னெண்டு சொல்லுறது? 'உயிர்தப்பியவர்' எண்டா இஞ்ச சுனாமியில தப்பினவைதான் முதல் ஞாபகம் வருவினம். மட்டக்களப்பு ரீச்சர், நீங்கள் போன கிழமை 'மீண்டவர்' எண்டு எழுதினனீங்கள், ஆனா மீளாதவையும் இருக்கினம் எல்லே. ஞாயிற்றுக்கிழமை கையேட்டை அச்சுக்குக் குடுக்கோணும், அதுக்கு முதல் வேற சொல் வந்தா அனுப்புங்கோ, வராட்டி 'பாதிக்கப்பட்டவர்' எண்டே விடுறன்.