கை உதறுவதும் மூடி சுழற்றுவதும்: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

மதுரை அம்மா:

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று உறுதியானது. பேச்சு கொஞ்சம்தான். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, கழுவிய கையை உதறுவது மாதிரி விடாமல் உதறுவான். நுனிக்காலில் நடப்பான். எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது பாத்திர மூடி. எவர்சில்வர் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வான். கன்னம் தரையில் பதிந்திருக்கும், ஒரு கண் மூடியிருக்கும். மூடி வேகம் குறைந்து 'டகடகடக' என்று அடித்து அடங்கும்போது அவன் முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடும். உடனே மறுபடி சுழற்றுவான்.

இப்படி ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதை ஸ்டிம்மிங் என்கிறார்கள். இதை நிறுத்தத்தான் நாங்கள் மூன்று வருடம் பாடுபட்டோம். மூடிகளைப் பரணில் ஏற்றினேன். அப்போது அவன் போன பள்ளியில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் பழக்கினார்கள். வீட்டில் "கையைக் கட்டு" என்று நான் சொல்லாத நாள் இல்லை. உதறுவது குறைந்தது. "பையன் தேறிட்டான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இரண்டே மாதத்தில் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். கடித்த இடம் தடித்துக் காய்த்துப்போனது. இன்றும் அந்தத் தழும்பைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

அப்புறம் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், அதாவது அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவரிடம், போனோம். அவர் முதல் நாள் எதையும் திருத்தவில்லை. எப்போது உதறுகிறான், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, உதறிய பிறகு எப்படி இருக்கிறான் என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னார். எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது, உதறல் ஒன்று இல்லை. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் துள்ளிக்கொண்டு, விரல்களை விரித்து உதறுவான். மிக்ஸி ஓடினால் கண்ணை இறுக மூடி, விரல்கள் விறைக்க உதறுவான். பேச்சு இல்லாத பிள்ளை இத்தனை காலம் கையால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அந்தக் கையைத்தான் கட்டச் சொன்னேன்.

அவர் விளக்கியது இது. ஐம்புலன் மட்டும் இல்லை. கை கால் எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்கின்றன, ஆடுகிறோமா சாய்கிறோமா என்று உட்காது சொல்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதில் சிலது மிக அதிகமாகவும் சிலது மிகக் குறைவாகவும் வந்து சேரும். குறைவதைத் தேடி எடுத்துக்கொள்வதற்கும், தாங்க முடியாததை ஒரே சீரான ஓர் அசைவைப் பிடித்துக்கொண்டு கடப்பதற்கும் உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழிதான் இது. தமிழில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று ஒரு பெயர் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். புற உலகம் அவனுக்குள் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது.

இப்போது காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் தூளி. ஆமாம், கைக்குழந்தைக்குக் கட்டும் அதே தூளிதான், கெட்டியான பருத்திப் புடவையில். உடம்பைச் சுற்றித் துணி இறுக்குவதும் ஆட்டமும் சேர்ந்து அவனைச் சாந்தப்படுத்துகின்றன. தெரபி சென்டரில் லைக்ரா என்ற இழுபடும் துணியில் தொங்கவிடுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. மணிக்கட்டைக் கடிப்பது படிப்படியாகக் குறைந்து, இப்போது மாதத்தில் ஓரிரு முறைதான்.

இன்னொன்று. 1943ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் ஆராய்ச்சிக்கே ஆரம்பம் என்பார்கள். அதில் முதல் குழந்தை டொனால்ட், அமெரிக்காவில் மிசிசிப்பி பக்கத்துப் பையன். கட்டை, பாத்திரம், உருண்டையாக எது கிடைத்தாலும் சுழற்றிவிட்டுத் துள்ளிக் குதிப்பானாம். படித்தபோது என் மகனையே பார்த்த மாதிரி இருந்தது. அந்த டொனால்ட் வளர்ந்து வங்கியில் வேலை பார்த்து, ஊர் ஊராகப் பயணம் செய்து, 2023ல் 89 வயதில் காலமானார். மூடிகளை அன்றைக்கே பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.

உங்கள் வீட்டில் எப்படி?

கோவை, வயது 31:

எனக்கே ஆட்டிசம். 27 வயதில்தான் தெரிந்தது. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சட்டையின் கீழ் மடிப்பில் இரட்டைத் தையல் இருக்குமே, அதைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டே போவேன். என் எல்லாச் சட்டையிலும் அந்த இடம் வெளுத்திருக்கும். தனியாக இருந்தால் முன்னும் பின்னும் ஆடுவேன்.

கல்லூரி விடுதியில் கேலி செய்ததால் ஆடுவதை அடக்கக் கற்றுக்கொண்டேன். அடக்குவது என்றால் என்ன என்று சொல்கிறேன். தொண்டையில் இருமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது ஒருவர் உங்களிடம் வேலை விவரம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையாட்டுவீர்கள், ஒன்றும் ஏறாது. எனக்குத் தினமும் எட்டு மணி நேரம் அப்படித்தான் போனது. சாயங்காலம் பைக் நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் ஆடிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். 2019ல் பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்டிம்மிங் எங்களைச் சாந்தப்படுத்துகிறது, மற்றவர்கள் பார்வைக்குப் பயந்துதான் மறைக்கிறோம் என்று அதில் பலர் சொல்லியிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது என் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். மீட்டிங்கில் பேன்ட் பாக்கெட்டில் ஒரு கோலிக்குண்டு உருண்டுகொண்டிருக்கும். அது உருளும்போது பேசுபவரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

சிறப்பாசிரியர், திருச்சி:

மதுரை அம்மா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லா அசைவையும் ஸ்டிம்மிங் என்று விட்டுவிடவும் கூடாது. எங்களிடம் வந்த ஆறு வயதுப் பெண் திடீரென்று தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தாள். எப்போதும் ஒரே பக்கம்தான் மோதினாள். பார்த்தால் காதுக்குள் சீழ். மருந்து கொடுத்ததும் ஒரு வாரத்தில் நின்றுபோனது. பேச வராத பிள்ளைக்குப் பல்வலி, மலச்சிக்கல், காதுவலி எல்லாம் இப்படித்தான் வெளியே வரும். அதனால் புதிதாக, திடீரென்று, தன்னைக் காயப்படுத்தும்படி ஏதாவது ஆரம்பித்தால் முதலில் டாக்டர்.

கண் நிலைகுத்தி, கூப்பிட்டாலும் தொட்டாலும் கவனம் திரும்பாமல் சில நொடிகள் உறைந்து நின்றால் அது வலிப்பாகவும் இருக்கலாம். போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மண், சுண்ணாம்பு என்று விழுங்கினால் இரும்புச்சத்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இதெல்லாம் இல்லையா, பிள்ளைக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ அடிபடவில்லையா, சரி, உதறட்டும்.

ஓய்வுபெற்ற கண்டக்டர்:

எனக்கு இந்த வார்த்தையெல்லாம் இன்றைக்குத்தான் தெரியும். என் டவுன் பஸ்ஸில் தினமும் காலையில் ஒரு அம்மா பதினாலு பதினைந்து வயது மகளோடு ஏறுவார். அந்தப் பெண் முன்னால் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காரும். அதன்மேல் உள்ளங்கையைப் பதித்து, இன்ஜின் அதிர்வுக்கு ஏற்ற மாதிரி 'ம்ம்ம்' என்று ராகம் இழுத்துக்கொண்டே வரும். வேறு யாராவது அந்த சீட்டில் இருந்தால் அழுகை. 'இதையெல்லாம் ஏன் பஸ்ஸில் கூட்டிட்டு வர்றீங்க' என்று ஒருவர் கேட்டபோது அந்த அம்மா பதில் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் விசில் ஊதும்போதெல்லாம் அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு வேகமாக ஆடுவதைக் கவனிக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆனது. கவனித்த மறுநாள் டிரைவரிடம் சொல்லிவைத்தேன். அவர்கள் ஏறி இறங்குகிற ஆறு ஸ்டாப்புக்கும் விசில் கிடையாது, வாயால்தான் 'போலாம் ரைட்'. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அப்படித்தான் ஓட்டினோம்.

மதுரை அம்மா:

ஐயா, நீங்கள் எழுதியதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன், பாதியில் குரல் வரவில்லை. எங்கள் வீட்டில் குக்கர் விசில்தான் பெரிய பாடு. நேற்றிலிருந்து அடுப்பில் வைக்கும் முன்னாலேயே அவனைக் கூப்பிட்டு, மூன்று விசில் என்றால் மூன்று விரலைக் காட்டுகிறேன். முதல் இரண்டு விசிலுக்கும் காதைப் பொத்திக்கொண்டு உதறினான். மூன்றாவதுக்கு ஒரு கையை மட்டும் காதிலிருந்து எடுத்து, என் கடைசி விரலை அவனே மடக்கினான்.