ஜான் பான்ஹம் டிரம்ஸ்: 22 இஞ்ச் கிக்கில் அந்த சவுண்டை எவ்வளவு தூரம் கொண்டுவரலாம்?

கிக்22:

இங்கிலாந்து ராக் பேண்ட் லெட் செப்பலினோட டிரம்மர் ஜான் பான்ஹம் பத்தி சில சந்தேகம். என் கிட் (அளவு இஞ்சில், முதல்ல விட்டம், அப்புறம் ஆழம்): 22க்கு 18 கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்), 12, 13 டாம், தரையில் நிக்கற 16 ஃப்ளோர் டாம், 14க்கு 5.5 ஸ்டீல் ஸ்னேர் (அடியில் கம்பி உள்ள டிரம்). கிக்கோட முன் ஹெட்டில் (டிரம் மேல் இழுத்துக் கட்டின தோலில்) 5 இஞ்ச் துளை, உள்ளே ஒரு தலையணை. ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டில் வர்ற மாதிரி பெரிய கிக் வேணும். ஈக்யூவில் லோ (தாழ்ந்த ஒலிகளை மட்டும்) ஏத்தினா கொழகொழன்னு ஆகுதே தவிர பெரிசாகல.

அந்த சவுண்ட் ட்யூனிங்கா, அறையா, மைக்கா? ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’ கிக் டபுள் பெடலா? ‘ராக் அண்ட் ரோல்’ ஆரம்பத்தை எங்கிருந்து எண்ணணும்? கிடார் உள்ளே வரும்போது ஒவ்வொரு தடவையும் இடிக்குது. முடிஞ்சா அவர் எங்கே கத்துக்கிட்டார், எப்படி மேலே வந்தார்ங்கிறதையும் சொல்லுங்க.

பழையரெக்கார்டு:

வாழ்க்கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சவுண்டுக்கான காரணம் பாதி அங்கேதான் இருக்கு.

பிறந்தது 1948 மே 31, இங்கிலாந்தின் வோர்செஸ்டர்ஷயரில் உள்ள ரெட்டிச். 10 வயசில் அம்மா ஒரு ஸ்னேர் வாங்கிக் கொடுத்தார், 15 வயசில் அப்பா ஒரு பிரீமியர் கம்பெனி கிட். வாத்தியார்னு யாரும் கிடையாது. பள்ளி முடிச்சதும் அப்பாவோட தச்சு வேலை, கட்டட வேலை. ராத்திரி பர்மிங்காம் பக்கத்து பேண்டுகளில் வாசிப்பு. டெர்ரி வெப் அண்ட் த ஸ்பைடர்ஸ், எ வே ஆஃப் லைஃப், அப்புறம், பின்னாளில் லெட் செப்பலின் பாடகரான ராபர்ட் பிளான்ட்டோட கிராலிங் கிங் ஸ்னேக்ஸ், பேண்ட் ஆஃப் ஜாய்.

அந்தக் காலத்து கிளப்பில் டிரம்ஸுக்கு மைக் வைக்கிற வழக்கமே அநேகமா கிடையாது. கிடார் ஆம்ப்கள் வருஷாவருஷம் பெரிசாகிட்டே போச்சு. டிரம் தன் பலத்திலேயே கடைசி வரிசை வரை போய்ச் சேரணும். பஞ்சு அடைச்ச டிரம் அங்கே எடுபடாது. கிட்டை இறுக்கமா ட்யூன் பண்ணி, அடைப்பில்லாமல் திறந்து ஒலிக்க விடுற பழக்கம் அவருக்கு இங்கேதான் வந்ததுன்னு நான் நினைக்கிறேன். ஸ்டுடியோவுக்காக யோசிச்சு செஞ்ச வேலை இல்லை.

1968இல் அமெரிக்கப் பாடகர் டிம் ரோஸோட டூரில் வாரம் 40 பவுண்டு சம்பளம். பிளான்ட் சொல்லித்தான், புது பேண்டுக்கு ஆள் தேடிக்கிட்டிருந்த கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் போய் அவர் வாசிப்பைக் கேட்டார். ஜோ காக்கர், கிறிஸ் ஃபார்லோ பக்கமிருந்தும் அழைப்பு இருந்ததால் பான்ஹம் உடனே தலையாட்டல. தந்தி மேல தந்தி அடிச்சுத்தான் இழுத்தாங்க. செப்டம்பரில் பேஜோட பழைய பேண்டான யார்ட்பேர்ட்ஸ் பெயரிலேயே ஸ்காண்டிநேவிய டூர். திரும்பி வந்த கையோடு ஒலிம்பிக் ஸ்டுடியோவில் லெட் செப்பலினோட முதல் ஆல்பம். மொத்த ஸ்டுடியோ நேரம் 36 மணி சொச்சம்தான். 1969 ஜனவரியில் வெளிவந்தது.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். உயிரோட இருந்தவரை 8 ஸ்டுடியோ ஆல்பம். கடைசி கச்சேரி 1980 ஜூலை 7, பெர்லின். அமெரிக்க டூருக்காக செப்டம்பர் 24 ஒத்திகை. மறுநாள் வின்ட்ஸரில் பேஜ் வீட்டில் இறந்து கிடந்தார், வயசு 32. ஒரு நாளைக்குள் சுமார் 40 அளவு வோட்கா உள்ளே போயிருந்தது, தூக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயை அடைச்சிடுச்சு. விசாரணையில் விபத்து மரணம்னு தீர்ப்பு. டிசம்பர் 4 அன்னைக்கு, இனி முன்ன மாதிரி தொடர முடியாதுன்னு பேண்ட் அறிக்கை விட்டது. வேற ஆளைப் போட்டு ஓட்டல. 2007 லண்டன் ஓ2 கச்சேரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அவர் மகன் ஜேசன்.

லக்ஸாவி:

கிட் விவரம் முதல்ல. 1969இலிருந்து லட்விக் கம்பெனி கிட். வனில்லா ஃபட்ஜ் டிரம்மர் கார்மைன் அப்பீஸ் மூலமா அந்தத் தொடர்பு வந்தது. மேப்பிள், பச்சை ஸ்பார்க்கிள், 1973இல் ஆம்பர் நிற விஸ்டாலைட், 1977இல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கிட் மாறினாலும் அளவு பெரிசா மாறல: கிக் 26க்கு 14, ஃப்ளோர் டாம் 16க்கு 16ம் 18க்கு 16ம், மேலே ஒரே ஒரு டாம் (14 அல்லது 15 இஞ்ச்). ஸ்னேர் 14க்கு 6.5 சுப்ராஃபோனிக், எல்எம்402. சிம்பல் பைஸ்டே கம்பெனி, பின்னாளில் அவங்க 2002 வரிசையில் 15 இஞ்ச் ஹை-ஹாட் (பெடலால் மூடித் திறக்கிற ஜோடி சிம்பல்), 24 இஞ்ச் ரைட் (தாளம் ஓட்டற பெரிய சிம்பல்).

கிக்கோட ஆழத்தைக் கவனிங்க. விட்டம் பெரிசு, ஆழம் 14தான். பின் ஹெட்டில் விழுந்த அடி முன் ஹெட்டுக்கு சீக்கிரம் போகுது, அதனால டிரம் பெரிசா இருந்தும் மந்தமா இல்லை. உங்க 18 இஞ்ச் ஆழம் இதுக்கு நேர் எதிர். அதை மாத்த முடியாது, மத்ததை மாத்தலாம்:

தலையணையை வெளியே எடுங்க. துளை இல்லாத முன் ஹெட் போடுங்க, கோட்டட் (மேலே சொரசொரப்பான பூச்சு உள்ளது) ஒற்றை அடுக்கு. அடிக்கிற பக்கம் கோட்டட் இரட்டை அடுக்கு. ரெண்டு ஹெட்டுக்கும் உள்பக்கம், நடுவிலிருந்து தள்ளி, 2 இஞ்ச் அகல ஃபெல்ட் பட்டை ஒண்ணு குறுக்கே. பட்டையை முதல்ல வச்சு, அதுக்கு மேல ஹெட், அப்புறம் வளையம். கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே லக்கை (விளிம்பைச் சுத்தி இருக்கிற திருகுகளை) இறுக்கணும், இல்லைன்னா பட்டை சுருண்டு ‘டர்ர்’னு அதிரும்.

அடிக்கிற பக்கம் சுருக்கம் போற அளவுக்கு விரலால் இறுக்கி, பிறகு சாவியால் ஒவ்வொரு லக்கும் அரைச் சுத்து. முன் பக்கம் அதே நிலையிலிருந்து ஒரு சுத்து. முன் ஹெட் எப்பவும் மேல் சுருதியில் இருக்கணும். நம்ம ஆளுங்க நேர்மாறா செய்வாங்க: கனமான சவுண்ட் வேணும்னு ரெண்டையும் தளர்த்திடுவாங்க. தளர்ந்த ஹெட்டில் ‘பொத்’ மட்டும்தான் வரும், ‘டூம்’ வராது. நீங்க ஈக்யூவில் லோ ஏத்தியும் பெரிசாகாததுக்குக் காரணம் அதுதான். டிரம்மில் இல்லாத சுருதியை ஈக்யூ எங்கிருந்து கொண்டுவரும்?

டாம்கள்லயும் கீழ் ஹெட் இறுக்கம். 12ஐக் கழட்டி வச்சிட்டு 13ஐ மட்டும் போடுங்க. ரைட் சிம்பலைக் கிட்ட கொண்டுவர இடம் கிடைக்கும். ஸ்னேரில் மேல் ஹெட் நல்ல இறுக்கம், ஜெல், டேப் எதுவும் வேண்டாம். டாமை அடிக்கும்போது ஸ்னேர் கம்பி கரகரன்னு பேசினா ரெண்டும் ஒரே சுருதிக்குப் பக்கத்தில் இருக்குன்னு அர்த்தம், டாமைக் கால் சுத்து நகர்த்துங்க. முழுசா நிக்காது. பான்ஹம் ரெக்கார்டிங்லயும் அந்தக் கரகரப்பு இருக்கு.

தகிட:

டபுள் பெடல் இல்லை. ஒரே கிக், ஒரே கால், ஒரே பெடல். கொஞ்ச நாள் ரெண்டு கிக் வச்சுப் பார்த்தார், மத்தவங்களுக்குத் தாங்கல, எடுத்துட்டாங்க. முதல் ஆல்பத்தில் கேக்கறது ஒத்தைக் கால்தான்.

‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’: ஒரு பீட்டை ‘தகிட தகிட’ன்னு ஆறாப் பிரிங்க. ‘த’ கையோடது, ‘கிட’ காலோடது. மொத்த ரகசியமும் இவ்வளவுதான். மூணையும் காலால் அடிக்கப் பார்க்கிறவங்க கால் வலியோட எழுந்திருப்பாங்க. மெட்ரோனோம் 60இல் (நிமிஷத்துக்கு 60 பீட்) ஆரம்பிச்சு, ‘கி’யைச் சின்னதா, ‘ட’வைப் பெரிசா அடிங்க. பெரும்பாலும் ரெண்டாவது அடிதான் செத்துப்போகும், ஏன்னா ரெண்டு தடவையும் தொடையைத் தூக்கறோம். தூக்கறது ஒரு தடவை. முதல் அடியில் முன்பாதம் பலகையின் நடுவில். அங்கிருந்து முன்னாடி வழுக்கிக்கிட்டே ரெண்டாவது அடி. 70, 80ன்னு ஏத்தும்போது ‘ட’ சன்னமாச்சுன்னா திரும்பக் கீழே வாங்க. பாட்டு 90க்கு மேல.

அவர் பெடல் லட்விக் ஸ்பீட் கிங். செயின் கிடையாது, நேரடித் தகடு. ஸ்பிரிங் ரெண்டு தூணுக்குள்ளே இருக்கும், இறுக்கற திருகு அடிப்பக்கம். எண்ணெய் காஞ்சா கீச்சிடும். ‘சின்ஸ் ஐ’வ் பீன் லவிங் யூ’வை ஹெட்ஃபோனில் கேளுங்க, பாட்டு முழுக்க அந்தக் கீச்சு ஓடும்.

‘ராக் அண்ட் ரோல்’: முதல் அடியை ‘ஒண்ணு’ன்னு எண்ணறதாலதான் இடிக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிட்டு, மூணுக்கும் நாலுக்கும் நடுவிலதான் முதல் அடி. அதாவது மூணுக்கு அடுத்த அரை, நாலு, நாலுக்கு அடுத்த அரை, இந்த மூணு அடி முடிஞ்ச பிறகுதான் முதல் பாரோட (நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றோட) ஒண்ணு. இடது காலால் ஹை-ஹாட் பெடலில் ஒவ்வொரு எண்ணிக்கையையும் தட்டிக்கிட்டே பழகினா பிடிபடும். இந்த ஆரம்பம் லிட்டில் ரிச்சர்டோட ‘கீப் எ நாக்கின்’ பாட்டில் சார்ல்ஸ் கானர் வாசிச்சதிலிருந்து வந்தது. அதையும் பக்கத்தில் வச்சுக் கேளுங்க.

‘கஷ்மீர்’ சுலபம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கிடார் தகிட (மூணு மூணா), டிரம்ஸ் தகதிமி (நாலு நாலா). 12 எண்ணிக்கைக்கு ஒரு தடவைதான் ரெண்டும் சேரும். கிடாரைக் கேட்டுப் பின்னாடி ஓடினா போச்சு. பான்ஹம் கடைசி வரை நகரவே மாட்டார்.

கிக்22:

ரொம்ப நன்றி. தலையணை எடுத்து, துளையில்லாத ஹெட் மாட்டியாச்சு. சுருதி வந்திருச்சு. ஆனா பீட்டர் (பெடலோட அடிக்கிற சுத்தி) ஹெட்டில் பட்டதும் ‘டட்’னு ரெண்டு தடவை துடிக்குது. ரெக்கார்டிங் பத்தியும் யாராவது சொல்லுங்களேன்.

லக்ஸாவி:

காத்து வெளியேற வழி இல்லாததால ஹெட் பீட்டரைத் திருப்பித் தள்ளுது. நீங்க இன்னும் பீட்டரை ஹெட்டில் அமுக்கிப் பிடிக்கறீங்க. அடிச்ச உடனே விட்டுடணும். பெடல் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்க, பீட்டர் தண்டை அரை இஞ்ச் இறக்கிப் பாருங்க. அதுக்கும் நிக்கலைன்னா அடிக்கிற பக்கம் கால் சுத்து குறைங்க. திரும்பத் துளை போட்டுடாதீங்க.

மாடிப்படி:

‘லெவி’ பாட்டோட இடம் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச், 1795இல் ஏழைகள் விடுதியாக் கட்டின கல் வீடு. கிட் கீழ்த்தள ஹாலில். ரெக்கார்டிங் இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் ரெண்டு பேயர் எம்160 ரிப்பன் மைக்கைப் படிக்கட்டு மேலே வச்சு கீழே பார்க்கவிட்டார். அதை ஹீலியோஸ் லிமிட்டரில் (பெரிய சத்தத்தை அமுக்கற கருவி) நல்லா நசுக்கி, பின்சன் எக்கோரெக் எக்கோ சேர்த்தாங்க. டேப் வேகமும் கொஞ்சம் குறைக்கப்பட்டது. கிக்குக்குள்ளே யாரும் மைக்கை நுழைக்கல.

வீட்டில் செய்ய: மாடிப்படி இருந்தா மைக் ரெண்டும் 3 மீட்டர் உயரத்தில். கம்ப்ரஸர் (இதுவும் சத்தத்தை அமுக்கறதுதான்) 6க்கு 1, அட்டாக் (அமுக்க ஆரம்பிக்கிற நேரம்) 20 முதல் 30 மில்லி செகண்ட். ரிலீஸை (அமுக்கறதை விடற நேரம்) மீட்டர் முள் பார்த்து வைங்க, அடுத்த அடி விழறதுக்கு முன் முள் திரும்பியிருக்கணும். 70 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 70 பீட்) ஒரு பீட் 857 மில்லி செகண்ட், அதனால எக்கோவை 428 அல்லது 214இல் வச்சா தாளத்தோட ஓடும். வேகம் குறைக்கணும்னா 74இல் வாசிச்சுப் பதிவு பண்ணி 70க்கு இறக்குங்க. டைம் ஸ்ட்ரெச் வேண்டாம், சுருதியும் சேர்ந்து இறங்கற முறைதான் வேணும். கிட்டத்தட்ட அரை ஸ்வரம் இறங்கும், டிரம் பெரிசான மாதிரி கேக்கும்.

டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மைக் சேர்த்தா, 3 மீட்டர் தூர மைக்குக்கு சத்தம் சுமார் 9 மில்லி செகண்ட் தாமதமா வரும். பக்கத்தில் இருக்கறதை ரொம்பக் குறைச்சு வைங்க, இல்லைன்னா ஒவ்வொரு அடியும் ரெண்டாக் கேக்கும்.

பெரிய சிக்கல் சிம்பல்தான். கம்ப்ரஸர் முதல்ல தூக்கிக் காட்டறது அதைத்தான். கிக், ஸ்னேர் பலமா, ஹை-ஹாட் பாதி பலத்தில் வாசிக்கணும். பான்ஹம் எல்லாத்தையும் போட்டு உடைச்சார்னு பேச்சு இருக்கே, அப்படி உடைச்சிருந்தா ரெண்டே மைக்கில் இந்த பேலன்ஸ் வந்திருக்காது.

அறை 10க்கு 10 அடி, மேலே தாழ்ந்த கான்கிரீட் கூரைன்னா இந்த வேலை வேண்டாம். கூரை எதிரொலி ‘டிங்’னு நசுங்கி வரும். அதுக்குப் பதிலா முதல் ஆல்பத்தில் இன்ஜினியர் க்ளின் ஜான்ஸ் பண்ணின முறை: ஸ்னேருக்கு நேர் மேலே ஒரு மைக், ஃப்ளோர் டாம் பக்கவாட்டில் விளிம்புக்குச் சற்று மேலே ஹை-ஹாட்டைப் பார்த்து இன்னொண்ணு. ரெண்டும் ஸ்னேர் நடுவிலிருந்து ஒரே தூரம், 40 இஞ்ச் அளவில். ஒரு நூலைக் கட்டி அளங்க. கிக்குக்கு முன்னாடி ஒரு அடி தள்ளி மூணாவது. மோனோவில் போட்டுக் கேட்கும்போது ஸ்னேர் மெலிஞ்சா நூலை மறுபடி எடுங்க.