1,000 முறை ஓடாத பாட்டுக்குக் காசு இல்லையாமே, இது நியாயமா?

குடியாத்தம் பம்பை:
ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறை ஓடாவிட்டால் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப்பில் வருமானப் பங்கு கிடையாது. 2024 முதல் இதுதான் விதி. எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் மட்டும் தேடிக் கேட்கிற பாட்டெல்லாம் இதில் அடிபடுகிறது. அந்தக் காசு ஏற்கெனவே நன்றாக ஓடும் பாட்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது. இது அநியாயம்.

ஆற்காட்டுக் கணக்கர்:
தம்பி, அந்த மாதிரிப் பாட்டுக்குச் சராசரியாக மாதம் 3 சென்ட்தான் வந்தது என்று அவர்களே சொன்னார்கள். ஒரு தடவை ஓடினால் இவ்வளவு என்று நிலையான விலையும் கிடையாது. சந்தா, விளம்பரம் என்று வரும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமைதாரர்களுக்கு ஒதுக்கி, யார் பாட்டு எவ்வளவு ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். நம் ஆட்களோ பெரும்பாலும் இலவசமாகக் கேட்கிறவர்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

குடியாத்தம் பம்பை:
நான் சந்தா கட்டுகிறேன் அண்ணா. கேட்பது பம்பையும் உடுக்கையும். என் காசு ஏன் நான் கேட்காத பாட்டுக்குப் போக வேண்டும்? சவுண்ட்கிளவுட் என்ற இன்னொரு ஆப் 2021-இலேயே, கேட்பவர் காசை அவர் கேட்ட கலைஞருக்கே கொடுக்கும் முறையைத் தொடங்கிவிட்டது.

ஆற்காட்டுக் கணக்கர்:
அதே வருடம் பிரான்சின் தேசிய இசை மையம் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. முதல் 10 கலைஞர்களுக்கு வருமானம் சுமார் 17% குறையும். ஆனால் 10,000-ஆவது இடத்துக்குப் பின்னால் நிற்பவருக்கு வருடத்துக்குச் சில யூரோதான் கூடும்.

செய்யாறு முகவீணை:
நீங்கள் இருவரும் அடித்துக்கொள்கிற காசு கூத்துக்காரர் வாசலுக்கே வருவதில்லை. பாரதக் கூத்து நடக்கிற இடத்தில் போய்ப் பாருங்கள். கூத்தாடும் களரிக்கு முன்னால் செல்போன் ஸ்டாண்டு, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக். விடிந்ததும் யாரோ ஒருவர் சேனலில் வீடியோ வந்துவிடும். அப்புறம் அதிலிருந்து பாட்டை மட்டும் வெட்டி ஆப்களில் ஏற்றுவார்கள். வாசித்தவர் பெயர்கூட அதில் இருக்காது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவில், வணிகப் பயன்பாட்டுக்கு நிகழ்த்துகலைஞருக்கும் ராயல்டி உண்டு. கொடுத்ததைப் பார்த்தவர் யார்?

ஆற்காட்டுக் கணக்கர்:
அந்த வீடியோவைப் பார்த்துத்தானே அம்மா அடுத்த ஊர்க்காரர்கள் முன்பணம் கொடுக்க வருகிறார்கள்? அதைத் தடுத்தால் நஷ்டம் குழுவுக்குத்தான்.

செய்யாறு முகவீணை:
தடுக்கச் சொல்லவில்லை ஐயா. தேதி பேசும்போதே ஒரு தாளில் எழுதி வாங்கச் சொல்கிறேன். ஒலிப்பதிவு குழுவுக்குச் சொந்தம், சேனல் வெளியிடலாம், வருமானத்தில் பங்கு தர வேண்டும். ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடுகிறவருக்கு இதுகூட இல்லை என்றால் எப்படி?

குடியாத்தம் பம்பை:
அக்கா, எழுதி வாங்கினாலும் 1,000 தாண்டாத பாட்டில் பங்கு பூஜ்யம்தானே?

ஆற்காட்டுக் கணக்கர்:
சரி, அப்படியானால் குழுவே யூடியூபில் சேனல் தொடங்கட்டும். விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். மூன்று நிமிடப் பாட்டை வைத்து அதை எட்டுவது கஷ்டம். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு அந்த மணிக்கணக்கு சீக்கிரம் சேரும்.