தி லாங் நைட்: எட்டு வருடம் காத்திருந்த போர் கண்ணுக்கே தெரியவில்லை

கெடிலக்கரை (கடலூர்)
29 ஏப்ரல் 2019, காலை 8.20

கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் எட்டாம் சீசன், மூன்றாம் பகுதி, பெயர் தி லாங் நைட். இன்னும் பார்க்காதவர்கள் படிக்க வேண்டாம், கதை முழுக்க வரும்.

மஞ்சக்குப்பத்தில் நண்பன் வீட்டில் நேற்று இரவே போய்ப் படுத்துக்கொண்டோம், நாலு பேர். காலை ஆறரைக்கு அமெரிக்காவோடு சேர்த்து நமக்கும் வந்துவிடும் என்பதால் ஆறு மணிக்கே பல் துலக்கி உட்கார்ந்தாயிற்று. 2011 இல் இந்தத் தொடரின் முதல் காட்சியிலேயே, செத்தவர்களை எழுப்பிப் படை சேர்க்கும் வொயிட் வாக்கர்கள் வந்தார்கள். அன்றிலிருந்து காத்திருந்த போர் இது, விண்டர்ஃபெல் கோட்டையில் நடக்கிறது. 82 நிமிடம் ஓடியது. முடிந்தபோது வீராங்கனை பிரியன் இருக்கிறாளா செத்தாளா என்று நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னோம். டிராகன் மேலே போனால் மேகம், கீழே வந்தால் பனிப்புயல். யார் யாரை வெட்டுகிறார் என்பதே தெரியவில்லை.

பிளாக்வாட்டர் போரும் இரவில்தான் நடந்தது. இரண்டாம் சீசன், 2012. மூல நாவல்களை எழுதிய ஜார்ஜ் மார்ட்டினே எழுதிய பகுதி. கடலில் பச்சை நெருப்பு வெடித்தபோது கப்பல் கப்பலாகத் தெரிந்தது. பணம் குறைவாக இருந்த காலத்தில் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

அதைவிடப் பெரிய வருத்தம், வொயிட் வாக்கர்களின் தலைவன் நைட் கிங்கைக் கொன்றது இளம்பெண் ஆர்யா. இத்தனை வருடம் அவனை எதிர்த்து நின்ற நாயகன் ஜான் ஸ்நோ எங்கே போனான்?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)
29 ஏப்ரல், காலை 9.05

எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில், அதனால் இருட்டைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இது ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வந்தது. நமக்குத் திங்கள் காலை. சித்திரை மாதத்தில் நம் கடற்கரையில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். கிழக்குப் பார்த்த வீடாக இருந்தால் ஆறரைக்கு வெயில் நேராக டிவி மேல்தான் அடிக்கும். நான் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிவிட்டு, கதவிடுக்கில் துணியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். எனக்குப் பிரியன் தெரிந்தாள். அவள் உயிரோடுதான் இருக்கிறாள், கவலை வேண்டாம்.

இன்னொன்று, இணையத்தில் வரும் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள். சுருக்கும்போது கருப்புக்கும் கரும்பழுப்புக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வித்தியாசம்தான் முதலில் போகும். அதனால்தான் வானம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இதில் இயக்குநர் மிகேல் சபோச்னிக் மேல் கோபப்பட்டு என்ன பயன்? அவரும் அந்தக் குழுவும் வட அயர்லாந்துக் குளிரில், மழையில், சேற்றில் 55 இரவுகள் தொடர்ந்து வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள்.

கெடிலக்கரை
29 ஏப்ரல், காலை 9.30

அக்கா, 55 இரவு உழைத்ததை நானும் மதிக்கிறேன். ஆனால் ஜன்னலுக்குப் போர்வை கட்டினால்தான் தெரியும் என்றால் அது எடுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டிய விஷயம். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியிடுகிறார்கள். பாதி உலகத்தில் அப்போது பகல் என்று அவர்களுக்குத் தெரியாதா?

பண்ருட்டிப் பலா
29 ஏப்ரல், பகல் 1.40

தம்பி, நான் இதை வேறு மாதிரிப் பார்த்தேன்.

2011 டிசம்பர் 29 ராத்திரி தானே புயல் வந்தபோது நாங்கள் எட்டுப் பேர் ஓட்டு வீட்டில் ஒரே அறையில் இருந்தோம். மறுநாள் காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மின்சாரம் முன்னிரவிலேயே போய்விட்டது. அந்த ராத்திரியில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஓடு ஒவ்வொன்றாகப் பிய்ந்து போகும் சத்தம் கேட்டது. மரம் முறியும் சத்தம் கேட்டது. அது எங்கள் வீட்டுப் பலாவா, பக்கத்துத் தோப்பு முந்திரியா என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டும்தான். நாற்பது வருடப் பலா வேரோடு சாய்ந்து கிடந்தது.

இன்று டோத்ராக்கிக் குதிரைப்படை கிளம்பும் காட்சியில் எனக்கு அந்த ராத்திரி திரும்பி வந்தது. மந்திரக்காரி மெலிசாண்ட்ரே வந்து அவர்கள் வாள்களில் நெருப்பை ஏற்றுகிறாள். ஆயிரக்கணக்கான தீ ஒரே ஓட்டமாக இருட்டுக்குள் போகிறது. அப்புறம் தூரத்தில் ஒவ்வொன்றாக அணைகிறது. சுவர் ஓரம் நிற்பவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, நமக்கும் தெரியாது. சத்தமும் நின்றுவிடுகிறது. பயம் என்றால் அப்படித்தான் இருக்கும். அந்த இடத்தில் நிலா வெளிச்சம் போட்டு ஒவ்வொரு வெட்டையும் காட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

இப்போதும் ஃபனி புயல் வங்காள விரிகுடாவில் நிற்கிறது. மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்கூட எனக்கு இப்படித் தோன்றியிருக்கலாம்.

தேவனாம்பட்டினம்
29 ஏப்ரல், மாலை 6.15

இருட்டை விடுங்கள். போர்த்திட்டத்தை யாராவது நியாயப்படுத்துங்கள் பார்ப்போம். எதிரி எவ்வளவு பேர் என்று தெரியாமல் குதிரைப்படையை முதலில் அனுப்புகிறார்கள். கல்லெறியும் பொறிகளை அகழிக்கு வெளியே, காலாட்படைக்கும் முன்னால் நிறுத்துகிறார்கள். இவ்வளவு பெரிய மதில் இருக்கிறது, படை முழுக்க மதிலுக்கு வெளியே. உள்ளே ஓடி வரும்போது பாதிப் பேர் வாசலில் செத்தார்கள். அகழிக்கு நெருப்பு வைக்க டாவோஸ் தீப்பந்தத்தை ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறார், டிராகன் மேல் இருக்கும் டெனேரிஸுக்குத் தெரியவில்லை. நெருப்பு வைக்க டிராகனை நம்பியவர்கள் வேறு வழி ஒன்று வைத்திருக்க வேண்டாமா?

நொச்சிப்பூ
29 ஏப்ரல், இரவு 8.50

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேத்தியோடு சேர்ந்து பார்த்தேன். உங்கள் கேள்விக்குப் பழைய இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. மதிலைக் காத்துப் பொருகிறவன் நொச்சி சூடுவான். வெட்டவெளியில் எதிரெதிர் நின்று பொருகிறவர்கள் தும்பை சூடுவார்கள். இவர்கள் நொச்சிப் போருக்கு வந்துவிட்டுத் தும்பைப் போர் நடத்தினார்கள். செத்த பிணம் எழுந்து எதிரியோடு சேர்ந்துகொள்ளும் என்றால் வெளியே போய்ச் சாவது எதிரிக்கு ஆள் சேர்ப்பதுதானே? அந்த ஒரு காரணத்துக்காகவே மதிலைவிட்டு இறங்கியிருக்கக் கூடாது.

முத்தியால்பேட்டை
29 ஏப்ரல், இரவு 9.30

ஐயா, நம் ஊர் வரலாற்றிலேயே மதிலுக்கு வெளியே நின்ற படை உண்டு. 1783 இல் கடலூர் முற்றுகை. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கோட்டைக்கு வெளியே அரண் அமைத்துத்தான் நின்றார். ஜூன் 13 அன்று ஆங்கிலேயர் தாக்கினார்கள். இரண்டு பக்கமும் பெரிய இழப்பு. அன்றிரவுதான் பிரெஞ்சுப் படை கோட்டைக்குள் போனது. வெளியே நிறுத்தி எதிரியைக் களைக்கவைத்துவிட்டு உள்ளே வாங்குவது ஒரு முறைதான்.

தேவனாம்பட்டினம்
29 ஏப்ரல், இரவு 9.55

அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது அக்கா. புஸ்ஸி மண்ணரண் எழுப்பி, பின்னால் பீரங்கி வைத்து நின்றார். இங்கே பொறிகள் முதல் வரிசையில் நிற்கின்றன, ஒரு சுற்று எறிந்ததோடு சரி. அப்புறம் ஆங்கிலேயரில் செத்தவர்கள் எழுந்து வந்து ஆங்கிலேயரோடு சேர்ந்துகொள்ளவில்லை. ஐயா சொன்னதுதான் சரி.

முத்தியால்பேட்டை
29 ஏப்ரல், இரவு 10.10

பொறிகள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அதைக் காப்பாற்ற என்னிடம் வாதம் இல்லை.

வில்லியனூர் வாசகி
30 ஏப்ரல், காலை 7.30

யாரும் தியான் பற்றிப் பேசவில்லையே!

எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். சின்ன வயதில் பாட்டி மடியில் படுத்துக்கொண்டு விடிய விடியப் பார்த்திருக்கிறேன். போர் தொடங்குவதற்கு முன்னால் அரவான் களப்பலி. அவன் சாவான் என்று கூட்டத்துக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பெண்கள் அழுவார்கள். நேற்று ஆர்யாவின் தம்பி ப்ரானை நைட் கிங்கிடமிருந்து காக்கத் தியான் நின்றபோது எனக்கு அரவான்தான் நினைவுக்கு வந்தான். ஒரு காலத்தில் அதே விண்டர்ஃபெல்லைக் காட்டிக்கொடுத்துப் பிடித்தவன். அம்பெல்லாம் தீர்ந்துவிட்டது. ப்ரான் அவனைப் பார்த்து, நீ நல்லவன் என்று சொல்கிறான். ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நைட் கிங்கை நோக்கி ஓடுகிறான். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே ஓடுகிறான். அந்த நேரத்தில் இசையமைப்பாளர் ராமின் ஜவாதியின் பியானோ. நான் அழுதுவிட்டேன்.

ஆர்யாவைப் பற்றிக் குறை சொல்பவர்களுக்கு ஒன்று. பீஷ்மரை அர்ஜுனன் நேருக்கு நேர் நின்று வென்றானா? முன்னால் சிகண்டி நின்றான். எல்லோரும் எதிர்பார்த்த ஆள்தான் முடிக்க வேண்டும் என்று விதி இல்லை.

கெடிலக்கரை
30 ஏப்ரல், காலை 8.45

அக்கா, தியான் விஷயத்தில் உங்களோடு இருக்கிறேன். எனக்கும் அங்கேதான் தொண்டை அடைத்தது. ஆனால் சிகண்டியைக் கொண்டுவந்து என் கட்சிக்கே வலு சேர்த்துவிட்டீர்கள்.

சிகண்டி யார்? போன பிறவியில் அம்பை. பீஷ்மரால் வாழ்க்கை அழிந்தவள். அவரைக் கொல்லவே மறுபிறவி எடுத்தவள். அதனால்தான் சிகண்டி முன்னால் வந்து நின்றபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆர்யாவுக்கும் நைட் கிங்குக்கும் என்ன பகை? அவள் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பெயர்ப் பட்டியலில் அவன் இல்லை. நேற்று வரை அவனைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஜான் பார்த்திருக்கிறான். 2015 இல் ஹார்ட்ஹோமில் ஜான் படகில் நிற்க, நைட் கிங் கரையில் நின்று இரண்டு கையையும் மெல்லத் தூக்கிச் செத்தவர்களை எழுப்பினானே, அந்தப் பார்வைக்குப் பதில் எங்கே? இருவரும் ஒருமுறையாவது வாள் மோதியிருக்க வேண்டும். நேற்று ஜான் ஒரு செத்த டிராகனைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றான்.

வில்லியனூர் வாசகி
30 ஏப்ரல், காலை 10.20

அம்பை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்யா திடீரென்று குதித்துவிடவில்லை. அவள் நைட் கிங்கைக் குத்திய அந்தக் குறுவாள் முதல் சீசனில் ப்ரானைக் கொல்ல வந்தவன் கையில் இருந்தது. ஏழாம் சீசனில், நேற்று நைட் கிங் விழுந்த அதே மரத்தடியில் ப்ரான் அதை அவளுக்குக் கொடுத்தான். பிரியனோடு பயிற்சி செய்யும்போது ஒரு கையிலிருந்து நழுவவிட்டு மறு கையில் பிடித்தாள். நேற்று நைட் கிங் அவள் கழுத்தையும் கையையும் பிடித்தபோது செய்ததும் அதேதான். மூன்றாம் சீசனில் மெலிசாண்ட்ரே நீலக் கண்களை மூடுவாய் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாள். ப்ரானைக் கொல்ல வந்த வாளே ப்ரானைக் காப்பாற்றியது. எனக்கு அது போதும்.

கெடிலக்கரை
30 ஏப்ரல், பகல் 12.05

குறுவாள் சரி. நீலக் கண் சரியில்லை. ஆர்யாதான் கொல்வாள் என்று மூன்று வருடமாகத் தெரியும் என்று தயாரிப்பாளர்களே பகுதி முடிந்ததும் வந்த பேட்டியில் சொன்னார்கள். மூன்றாம் சீசன் வந்தது 2013. அப்படியென்றால் அந்த வசனம் எழுதும்போது இந்த எண்ணமே இல்லை. பின்னால் வந்து பொருத்திக்கொண்டார்கள்.

நொச்சிப்பூ
30 ஏப்ரல், இரவு 9.15

பாரதம் வந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். அங்கேயும் ஓர் இரவுப் போர் உண்டு. பதினான்காம் நாள் பொழுது சாய்ந்த பிறகும் நிறுத்தவில்லை. தேரிலும் யானையிலும் விளக்கு வைத்துக்கொண்டு போரிட்டார்கள். இரவில் அரக்கருக்கு வலு கூடும் என்பதால் கடோத்கசன் கௌரவர் படையைக் கலக்கினான். வேறு வழியில்லாமல் கர்ணன் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை அவன் மேல் எறிந்தான். அர்ஜுனனுக்கென்று வைத்திருந்தது, ஒரே ஒருமுறைதான் எறியலாம். கடோத்கசன் இறந்ததால் அர்ஜுனன் பிழைத்தான். அந்த ஒரு சாவு மீதிப் போர் முழுவதையும் திருப்பிவிட்டது.

சிறுமி லியானா அரக்கன் கண்ணில் குத்திவிட்டுச் செத்தாள். என் பேத்தி எழுந்து நின்று கத்தினாள், எனக்கும் நெஞ்சு பதறியது. ஆனால் அவள் சாவால் மறுநாள் எது மாறும்? எட், பெரிக், ஜோரா எல்லோரும் அவரவர் கதை முடிந்து போனார்கள். நைட் கிங் விழுந்ததும் அவன் படை முழுக்கப் பொடிந்துவிட்டது. அப்படியென்றால் அந்த ஒரு குத்துக்கு முன்னால் நடந்த வெட்டும் குத்தும் எதற்காக? எனக்கு அந்தக் குறைதான்.

பண்ருட்டிப் பலா
30 ஏப்ரல், இரவு 10.00

நேரம் வாங்கினார்கள் ஐயா. ஆர்யா அந்த மரத்தடிக்கு வந்து சேரும் வரை. பெரிக் குத்துப்பட்டுக்கொண்டே கையை விரித்து வழியை அடைத்தான் அல்லவா, அவள் தப்பி ஓடுவதற்காகத்தான்.

முத்தியால்பேட்டை
2 மே, காலை 11.10

ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பதில் சொல்லிவிட்டார். இருட்டாக எடுக்கவில்லை, வீட்டில் டிவியைச் சரியாக வைத்துக்கொள்வதில்லை, வெளிச்சமான அறையில் பார்க்கிறார்கள் என்கிறார். நான் திங்கட்கிழமை சொன்னது!

கெடிலக்கரை
2 மே, காலை 11.25

பார்த்தவர்கள் மேலேயே பழியைப் போடுகிறார். இன்னும் கோபம்தான் வருகிறது.

முத்தியால்பேட்டை
24 செப்டம்பர் 2019, இரவு 8.00

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். எம்மி விருதுகள் வந்துவிட்டன. படத்தொகுப்பு, ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு மூன்றும் லாங் நைட்டுக்கு. இயக்கத்துக்கு சபோச்னிக் பெயர் இருந்தது, கிடைக்கவில்லை. பலா அண்ணன் சத்தத்தைப் பற்றிச் சொன்னதை நடுவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

கெடிலக்கரை
26 செப்டம்பர், இரவு 11.50

உங்கள் பேச்சைக் கேட்டு இன்று மறுபடி பார்த்தேன். இரவு பத்து மணி, விளக்கெல்லாம் அணைத்து, டிவியில் வெளிச்ச அமைப்பையும் மாற்றிவிட்டு, ஹெட்போன் போட்டு. பிரியன் தெரிந்தாள். ஜேமி அவள் பக்கத்திலேயே நிற்கிறான். நூலகத்தில் ஆர்யா மூச்சை அடக்கிக்கொண்டு நகரும் இடத்தில் அவள் ரத்தம் தரையில் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. ஏப்ரலில் இதில் பாதி எனக்குக் கிடைக்கவே இல்லை. இருட்டைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் அக்கா.

ஜான் விஷயத்தில் மாறவில்லை. அதைவிட ஒன்று கூடிவிட்டது. டோத்ராக்கித் தீ ஒவ்வொன்றாக அணையும் அந்தக் காட்சி இரவில் பார்க்கும்போது அப்படியே நெஞ்சைப் பிடிக்கிறது. ஒரு குலமே இருட்டுக்குள் போய்த் திரும்பவில்லை என்று நினைத்தேன். ஐந்தாம் பகுதியில் தலைநகர் கிங்ஸ் லேண்டிங் தெருவில் அதே டோத்ராக்கிகள் கூட்டமாகக் குதிரையில் பாய்கிறார்கள். பலா அண்ணே, உங்கள் புயல் ராத்திரியை நினைவுபடுத்திய காட்சிக்கே இப்படிச் செய்துவிட்டார்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பண்ருட்டிப் பலா
27 செப்டம்பர், காலை 6.40

அதைப் பார்த்தபோது எனக்கும் கோபம் வந்தது தம்பி. எங்கள் தோப்பில் சாய்ந்தது ஒன்றும் மறுவாரம் எழுந்து நிற்கவில்லை.