ஒருக்கா இழுத்துக் காட்டுங்க

மட்டக்களப்புப் பக்கம் நெஞ்சு வருத்தக் கிளினிக்கில் வேலை செய்கிறேன். எங்களை ஏ.எம்.பி., அதாவது உதவி வைத்தியர், என்பார்கள். வயசானவர்களுக்கு நாங்கள் இன்னும் அப்போதிக்கரி ஐயாதான். வைத்திய நிபுணர் வருத்தத்தைப் பிடித்து மருந்தை முடிவு செய்வார். அதற்கு முன்னும் பின்னும் ஆளோடு இருந்து கதைப்பது பெரும்பாலும் எங்கள் பொறுப்பு. அங்கே கண்ட சிலவற்றை எழுதுகிறேன், ஆட்களின் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அம்பாறைக் கரையோரத்தில் இருந்து ஒரு வாப்பாவை மகள் கூட்டிக்கொண்டு வந்தார். நாலடி நடந்தால் மூச்சு முட்டுகிறது. வேறொரு இடத்தில் மருந்து கொடுத்திருக்கிறார்கள், மாதக்கணக்காக எடுக்கிறார், ஒரு சுகமும் இல்லை. "நேரம் தவறாமல் எடுக்கிறார் ஐயா, நான்தான் கொடுக்கிறேன்" என்றார் மகள். பையைத் திறந்து பார்த்தால் சரியான மருந்துதான். ஒருக்கா எடுத்துக் காட்டுங்க என்று கேட்டேன். அவர் கெப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் கேட்டார். வீட்டில் பிளேன்டீயோடு விழுங்குவாராம். மருந்தோடு கொடுத்த கருவி பெட்டியிலேயே புதிதாக இருந்தது. அந்தக் கெப்சூலுக்குள் இருப்பது நெஞ்சுக்குள் இழுக்க வேண்டிய தூள். கருவியில் போட்டுத் திருகி உடைத்து, மூச்சை வெளியே முழுக்க விட்டு, பிறகு வேகமாக ஆழமாக இழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். பார்த்தால் குளிசை மாதிரியே இருக்கிற ஒன்றை விழுங்கியதற்கு அவரைக் குறை சொல்ல முடியுமா? கையில் கொடுத்தவர்கள் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அன்று கோபம்தான் வந்தது, அந்த மகள் எவ்வளவு அக்கறையாகக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்க நினைக்கக் கூடியது.

அதற்குப் பிறகு யாரிடமும் "பாவிக்கத் தெரியுமா" என்று கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் விஷயம் வெளியே வரும். வாயில் வைத்து அடிக்கும் காஸ் பம்பை (இன்ஹேலரை) குலுக்காமல் அடிப்பவர்கள் உண்டு. மூடியைக் கழற்றாமல் அடித்தவரையும் கண்டிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் பம்பைப் படக்கென்று இழுப்பார்கள், மருந்து தொண்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும். தூளை வேகமாக இழுக்க வேண்டும், காஸ் பம்பை மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டும் ஒருவருக்கே கொடுக்கப்பட்டிருந்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஸ்டீரொய்ட் மருந்துள்ள மண்ணிறப் பம்பை அடித்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் வேண்டும், பம்புக்கும் வாய்க்கும் இடையில் மாட்டும் குழாய் அது. வாங்க வசதியில்லாத தாய்மாருக்கு 500 மில்லி பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவு ஓட்டை போட்டுக் காட்டுவேன். நன்றாகவே வேலை செய்யும். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காயவிடுங்கள் என்பேன். துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் பழகிவிடும் என்ற பயம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய கரைச்சல். பெண்பிள்ளை என்றால் இன்னும் மோசம். உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் ஒரு மகளோடு வந்த அம்மா, "குளிசையாகவே தந்துவிடுங்க, பம்பைப் பார்த்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள்" என்றார். கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். பம்பில் ஒரு தடவைக்கு வருவது 100 மைக்ரோகிராம். அந்த ஒரு குளிசையில் இருப்பது 40 தடவை அடிக்கும் அளவு. குளிசை உடம்பு முழுக்கச் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்த பிறகுதான் மூச்சுக்குழாய்க்குப் போகும். அம்மா பேசவில்லை. மகள் அந்தக் கடதாசியை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.

வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் படுவான்கரைப் பெத்தா (பாட்டி) ஒருவர். பீடி, சுருட்டு எதையும் தொட்டதே இல்லை. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் நெடுங்காலம் புகைத்தவரின் நெஞ்சு மாதிரி வந்தது. மருந்து அடித்து 15 நிமிடம் விட்டுத் திரும்ப ஊத வைத்தோம், ஊதும் அளவு பெரிதாகக் கூடவில்லை. வைத்திய நிபுணர் "அடுப்பைப் பற்றிக் கேளுங்க" என்றார். கேட்டால், கலியாணம் முடித்த காலத்தில் இருந்து வீட்டில் நெல் அவித்து விற்றவர். தாழ்ந்த கூரை, விறகும் உமியும், கண் எரியும் புகை. காஸ் அடுப்பு வாங்கச் சொல்வது லேசு. காய்ந்த விறகு, திறந்த கதவு, அவிக்கும் வேலையை வெளியே கொண்டுபோவது என்றுதான் கதைத்தோம். "மாரி மழைக்கு வெளியே எங்க மனே வைக்கிற?" என்று கேட்டார். கூரையின் ஒரு பக்கத்தை உயர்த்திப் புகை போக வழி விடலாமா என்று மருமகனோடு கதைத்தேன். பிறகு செய்ததாகச் சொன்னார். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் பாதைக்கு (வாவியைக் கடக்கும் மிதவைக்கு) காத்திராமல் கிளினிக்குக்கு வரக்கூடியதாக இருப்பது எங்களுக்கும் பெரிய உதவி.

வார்டில் வேறு மாதிரி. இப்படிப் புகையால் நெஞ்சு கெட்டவர்களுக்கு ஒட்சிசன் வைக்கும்போது விரலில் மாட்டும் கருவி காட்டும் இரத்த ஒட்சிசன் அளவை 88க்கும் 92 வீதத்துக்கும் இடையில் பிடிப்போம். பக்கத்துக் கட்டிலில் 98 காட்டும். சம்மாந்துறை மில்லில் வேலை செய்த ஒருவரின் மகன் இரவு முழுக்க, "ஐயா, கொஞ்சம் கூட்டி விடுங்களேன்" என்று கெஞ்சினார். கூட்டினால் சிலருக்கு உள்ளே காபனீரொட்சைட்டு சேர்ந்து மயக்கத்துக்குக் கொண்டுபோகும் என்று சொன்னேன். நாலைந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது. தகப்பன் மூச்சுக்குத் தவிக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் ஒரு தடவையில் காதில் ஏறாது.

காசநோய் மருந்து தொடங்குபவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன்: அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். சொல்லாமல் விட்டால் இரத்தம் என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள், ஆறு மாதம் எடுக்க வேண்டிய மருந்து.

விரல் மடங்காத வயசானவர்களுக்கு பம்பை இரண்டு கையாலும் அமுக்கப் பழக்குகிறோம். அதுவும் முடியாதவர்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இந்த வேலையில் இருப்பவர்கள் எழுதுங்கள்.