ஒரே விஎம், ஐந்து பேர், ஐந்து விதமான டெஸ்ட் ரிசல்ட்

கேள்வி: புதுவரிசை

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நூலகங்களுக்கான ஒரு அட்டவணை மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம், எல்லாரும் வேலைக்குப் போய்வந்து ராத்திரியில்தான் இதில் உட்காருவோம். ஆளுக்கொரு விதமான லேப்டாப் என்பதால் டெஸ்டுக்கு எல்லாருக்கும் ஒரே இடம் வேண்டும் என்று விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விஎம் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) செய்து, உபுண்டு 18.04 லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எல்லாம் போட்டு, 11 ஜிபி ஃபைலாக டிரைவில் வைத்தோம். எல்லாரும் அதையே இறக்கினார்கள். நூலக சர்வரிலும் இன்னும் 18.04தான் ஓடுகிறது.

இப்போது அலமாரி எண்ணை வரிசைப்படுத்தும் டெஸ்ட் என் விஎம்மில் பாஸ் ஆகிறது, நண்பர் விஎம்மில் விழுகிறது. எனக்கு 11 முதலில், 1-1 அடுத்து வருகிறது. அவருக்கு அப்படியே தலைகீழ். ஒரே கமிட் (கோடின் ஒரே பதிப்பு), ஒரே டேட்டா. அதைவிட பயமாக இருப்பது, அவர் டேபிளில் கண்ணெதிரே இருக்கிற ஒரு புத்தகத்தை எண்ணைக் கொடுத்துத் தேடினால் வருவதில்லை. இரண்டு சனி ஞாயிறு இதிலேயே போய்விட்டது. விஎம்மை எல்லாரிடமும் ஒரே மாதிரி வைத்திருக்க வழி இருக்கிறதா, இல்லை, கண்டெய்னர் என்கிற தனிப் பெட்டிக்குள் மென்பொருளை ஓட்டும் டாக்கருக்கே போய்விடலாமா?

பதில்: கறுப்புத்திரை

உங்கள் கோடில் தப்பு இருக்காது என்று நினைக்கிறேன். நண்பர் விஎம்முக்குள் உபுண்டு வெர்ஷனை ஏற்றினாரா என்று கேளுங்கள். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரெஸ் பொதுவாக ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சியிடம்தான் (glibc) கேட்கும். 2018ல் வந்த ஜிலிப்சி 2.28ல் அந்த வரிசை விதிகள் பெரிதாக மாறின. உபுண்டு 18.04ல் இருப்பது 2.27, 22.04ல் இருப்பது 2.35. நீங்கள் சொன்ன 11, 1-1 ஜோடிதான் இந்த மாற்றத்தைச் சோதிக்க எல்லாரும் போட்டுப் பார்க்கிற ஜோடி: பழையதில் 11 முதலில், புதியதில் 1-1 முதலில்.

புத்தகம் கிடைக்காததும் இதனால்தான். இன்டெக்ஸ் (தேடலுக்காக டேட்டாபேஸ் அடுக்கி வைக்கும் பட்டியல்) பழைய வரிசையில் அடுக்கியது, தேடுவது புதிய வரிசைப்படி, அதனால் இல்லாத பக்கம் போய்த் தேடிவிட்டுக் காணோம் என்று திரும்பி வருகிறது. அவர் டேட்டாபேஸை ரீஇன்டெக்ஸ் செய்யச் சொல்லுங்கள். உங்கள் நூலக சர்வரை என்றைக்கு 18.04லிருந்து ஏற்றினாலும் இதேதான் நடக்கும். அதனால் இந்த டெஸ்டை எடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

பதில்: கொள்கலன்

இதற்கு விஎம் எதற்கு? ஜிலிப்சி கண்டெய்னருக்குள்ளேயே வந்துவிடும், டாக்கரில் 18.04 ஒன்று, 22.04 ஒன்று என்று இரண்டையும் சில நொடிகளில் எழுப்பி டெஸ்டை இரண்டிலும் ஓட்டலாம். ஒரே எச்சரிக்கை, இமேஜ் (கண்டெய்னரை எழுப்பும் தயார் ஃபைல்) சின்னதாக இருக்கிறதே என்று ஆல்பைன் என்கிற சின்ன லினக்ஸில் செய்த போஸ்ட்கிரெஸை எடுக்காதீர்கள். அதில் ஜிலிப்சி கிடையாது, அதற்குப் பதில் மஸ்ல் என்கிற வேறு தொகுப்புதான். அது பைட் கணக்கில், அதாவது எழுத்துகளின் எண் குறியீட்டு வரிசையில் அடுக்கும். அதில் 1-1 முதலில் வந்துவிடும், புதிய உபுண்டுவோடு ஒத்துப்போவது போலத் தெரியும், ஆனால் தமிழ் ஆங்கிலம் கலந்த தலைப்புகள் வரும்போது வேறு கதை.

பதில்: கறுப்புத்திரை

வரிசை டெஸ்டுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் இவர்கள் ஒரு சர்வரில் நிறுவி, சிஸ்டம்டி சேவையாக (பின்னணியில் தானாக ஓடும் நிரலாக) ஓடவிட்டு, ரீபூட்டுக்குப் பிறகு தானாக எழுகிறதா என்றும், 18.04லிருந்து 22.04க்கு ஏற்றினால் என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். கண்டெய்னர் தான் ஓடும் கணினியின் (ஹோஸ்ட்) கெர்னலை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்தைத்தான் கடன் வாங்குகிறது, பூட் என்பதே அதில் நடப்பதில்லை. அதற்கு விஎம்தான்.

பதில்: அடிக்கல்

விஎம் இருக்கட்டும், விஎம் ஃபைலைப் பகிர்வதை இன்றோடு நிறுத்துங்கள். சமைத்த சாப்பாட்டை ஐந்து வீட்டுக்கு அனுப்பினால் ஐந்து வீட்டிலும் ஆளுக்கொரு உப்பு சேரும். யாரும் கை வைக்காவிட்டால்கூட உபுண்டு சர்வர் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே போட்டுக்கொள்ளும், அது இயல்பாகவே ஆனில் இருக்கிறது. கிட்டில் (கோடைச் சேமித்துவைக்கும் இடத்தில்) இருக்க வேண்டியது செய்முறை: எந்த கிளவுட் இமேஜ் (உபுண்டு தயாராக வெளியிடும் விஎம் ஃபைல்), எந்தத் தேதியிட்டது, அதன் செக்சம் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு), முதல் பூட்டில் எதையெல்லாம் நிறுவ வேண்டும் என்கிற கிளவுட்-இனிட் ஃபைல். இதெல்லாம் சேர்ந்து சில கேபிதான். செய்முறையிலிருந்து விஎம்மை உருவாக்கும் வேக்ரன்ட்டிலும் செய்யலாம், பாக்ஸ் (அதன் அடிப்படை இமேஜ்) வெர்ஷனைக் குறிப்பிட மறக்காதீர்கள், ஆனால் உபுண்டு 24.04லிருந்து அதிகாரபூர்வ வேக்ரன்ட் பாக்ஸ் வருவதில்லை என்பதால் நான் கிளவுட் இமேஜுக்கே மாறிவிட்டேன்.

லினக்ஸில் இருப்பவர்கள் கேவிஎம்மில் (லினக்ஸிலேயே இருக்கும் விஎம் வசதி) அந்த இமேஜை அடித்தளமாக வைத்து, மேலே ஒரு ஓவர்லே (மாற்றங்களை மட்டும் வைக்கும் ஃபைல்) போட்டு ஓட்டுங்கள். ஓவர்லே தொடங்கும்போது சில நூறு கேபிதான் இருக்கும், எழுதுவதெல்லாம் அதில் போகும், டெஸ்ட் முடிந்ததும் அழித்துவிடலாம். அடித்தள ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் அடித்தளத்தையே பூட் செய்துவிட்டேன், அதன் மேல் இருந்த மூன்று ஓவர்லேயும் அன்றைக்கே கெட்டுப்போயின.

இன்னொன்று. ஏற்கெனவே ஒருமுறை பூட் ஆன விஎம்மை நகல் எடுத்தால் மெஷின்-ஐடியும் (அந்தக் கணினிக்கான தனி அடையாள எண்) நகலாகும். உபுண்டு சர்வர் அந்த ஐடியை வைத்துத்தான் நெட்வொர்க்கில் ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் முகவரி கேட்கிறது, அதனால் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் எண்) வேறாக இருந்தும் இரண்டு விஎம்முக்கும் ஒரே ஐபி வந்து ஒன்று மாற்றி ஒன்று தொங்கும். நகல் எடுக்கும் முன் மெஷின்-ஐடி ஃபைலை வெறுமையாக்குங்கள், அழிக்க வேண்டாம், அடுத்த பூட்டில் புதிது எழுதிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்: புதுவரிசை

கறுப்புத்திரை அண்ணா, நீங்கள் சொன்னதேதான். அவர் ஒரு மாதம் முன்னாடி 22.04க்கு ஏற்றியிருக்கிறார், நல்லது என்று நினைத்துத்தான் செய்தார், எங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. ரீஇன்டெக்ஸ் போட்டதும் புத்தகம் வந்துவிட்டது. ஆனால் என் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (விஎம்மின் முன்பு சேமித்த நிலை) திரும்பினால் ஆப்ட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கட்டளை) அப்டேட் போகவில்லை, ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது.

பதில்: அடிக்கல்

விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்தானே? உள்ளே கடிகாரம் எடுத்த அன்றைய தேதியிலேயே நின்றிருக்கும், இன்று வெளியான ஃபைல் அதற்கு நாளைய ஃபைல். கடிகாரத்தைச் சரிசெய்யும் கிரோனி வைத்திருந்தால் நேரத்தை உடனே தாவச் சொல்லிக் கட்டளை கொடுங்கள், தானாக விட்டால் மெதுவாக நகர்த்திக்கொண்டிருக்கும். இனிமேல் அணைத்துவிட்டு எடுங்கள்.