நாள்தோறும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்திவிடலாமா?

கேள்வி

என் அண்ணன் பல ஆண்டுகளாகக் காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிடுபவர். இப்போது அவராகவே முன்வந்து, நாளை முதல் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்கிறார். முன்பு இப்படி நிறுத்தியபோது மறுநாளே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, உறக்கமின்றித் தவித்தவர், மீண்டும் குடித்த பிறகே அடங்கினார். இந்த முறை வீட்டில் ஓர் அறையில் வைத்து நாமே பார்த்துக்கொள்வோம் என்கிறார் அப்பா. உணவில் தெரியாமல் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறது என்கிறார் உறவினர் ஒருவர். எதைச் செய்வது?

மறுமொழி 1

இரண்டும் வேண்டாம். மது மூளையின் செயலை மட்டுப்படுத்தும் பொருள் என்பதால், அது நாள்தோறும் உள்ளே வரும்போது மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டி ஈடுகட்டப் பழகிக்கொள்கிறது. மது திடீரென நின்றுவிட்டால் அந்தக் கிளர்ச்சி கட்டுப்பாடின்றி எழும்புகிறது. கடைசியாகக் குடித்த சுமார் 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதன் பிறகு, 2 முதல் 4 நாட்களுக்குள், சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிவதும், இடமும் நேரமும் புரியாமல் பிதற்றுவதும், காய்ச்சலோடு நாடித்துடிப்பு எகிறுவதுமான டெலிரியம் ட்ரெமன்ஸ் என்னும் நிலை உண்டாகிறது. கவனிக்காமல் விட்டால் அது உயிரைப் பறிக்கக்கூடியது. முதல் நாளைத் தாண்டிவிட்டார் என்று வீட்டார் ஆறுதல் அடையும் நேரத்தில்தான் அது வருகிறது என்பதால், அறைக்குள் வைத்துக் காவல் இருப்பது போதாது. மருத்துவமனையில் அந்தக் கிளர்ச்சியை அடக்கும் டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்னும் வைட்டமின் பி1 தருவார்கள். நீண்ட காலம் குடித்தவர்களுக்கு அது மிகவும் குறைந்துபோய், நினைவாற்றலே நிரந்தரமாகச் சிதையலாம்.

மறுமொழி 2

உறவினர் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிரம் ஆக இருக்கும். மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறிய பிறகு அது மேலும் சிதையாதபடி இந்த மருந்து தடுத்துவிடுவதால், குடித்தவருக்கு முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் ஏற்பட்டு, இரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் என்றால் உயிருக்கே ஆபத்து. விளைவை அறிந்து, சம்மதித்து உட்கொள்பவருக்கு உரிய மருந்து இது. தெரியாமல் கொடுப்பது, என் பார்வையில், அவருக்கு நஞ்சு வைப்பதற்கு ஒப்பானது.

மறுமொழி 3

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் குடிப்பவர் எல்லோருக்கும் வலிப்பு வந்துவிடாது, எப்போதாவது கொஞ்சம் குடிப்பவர் அப்படியே நிறுத்திவிடலாம். உங்கள் அண்ணன் அந்த வகையினர் அல்லர், முன்பே நடுக்கம் கண்டவர். நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை.

கேள்வி கேட்டவர்

நன்றி. நாளையே அழைத்துச் செல்கிறோம். மருத்துவரிடம் குறிப்பாக என்ன சொல்ல வேண்டும்?

மறுமொழி 1

கூச்சப்பட்டு அளவைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. கடைசியாகக் குடித்த நேரம், முன்பு வந்த நடுக்கம், வலிப்பு வந்திருந்தால் அதுவும், தூக்க மாத்திரைப் பழக்கம் இருந்தால் அதன் பெயர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். போகும் வழியில் வலிப்போ குழப்பமோ தோன்றினால் நேராக அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.